காரணி காணும் கலை: 2⁶⁷ − 1 என்ற எண்ணின் வரலாறு

ஓர் எண் பகு எண் என்று அறிவது வேறு. அதன் காரணிகள் எவை என்று அறிவது வேறு. 1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்றும், அவ்வாறு வகுபடுவதைப் பகு எண் என்றும், மீதியின்றி வகுக்கும் எண்களைக் காரணிகள் என்றும் கணிதம் வழங்குகிறது. சிறிய எண்களில் மேற்சொன்ன இரண்டு அறிவும் சேர்ந்தே வந்துவிடுவதால் அவற்றின் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. 91 பகு எண் என்று சொல்பவர் 7ஐயும் 13ஐயும் கண்டுகொண்ட பிறகே அவ்வாறு சொல்கிறார். எண் பெரிதாகப் பெரிதாக இவ்விரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஒரு கட்டத்தில், ஓர் எண்ணுக்குக் காரணிகள் உண்டு என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய பின்னும், அக்காரணிகளுள் ஒன்றையேனும் சொல்ல இயலாத நிலை ஏற்படுகிறது.

இந்நிலையை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய எண்களுள் ஒன்று 147573952589676412927. 2ஐ 67 முறை எழுதிப் பெருக்கி, வந்த விடையிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைக்கும் இந்த 21 இலக்க எண், 1644இல் பகா எண் என்று அச்சில் ஏறியது. 1876இல் பகு எண் என்று நிறுவப்பட்டது. 1903இல்தான் அதன் காரணிகள் வெளிப்பட்டன. பகு எண் என்று தெரிந்ததற்கும் காரணி தெரிந்ததற்கும் இடையே கிடந்த 27 ஆண்டுகள், காரணி காணும் கலை எதனுடன் போராடி வந்தது என்பதை வேறு எதையும்விடத் தெளிவாகச் சொல்கின்றன.

நிறை எண்களிலிருந்து மெர்சென் பட்டியல் வரை

2இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1 குறைந்த எண்களின்மேல் கணித அறிஞர்கள் கொண்ட நாட்டம் யூக்ளிடிடமிருந்து தொடங்குகிறது. தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகையும் தனக்கே சமமாக இருக்கும் எண்ணுக்கு நிறை எண் என்று பெயர். 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28 வருவதால் 28 ஒரு நிறை எண். 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களை வரிசையாகக் கூட்டிவரும்போது கூட்டுத்தொகை பகா எண்ணாக அமையுமானால், அத்தொகையைக் கடைசியாகக் கூட்டிய எண்ணால் பெருக்கி நிறை எண்ணைப் பெறலாம் என்பதை யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' நூலின் 9ஆம் புத்தகத்தில் நிறுவினார். 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 7ஐ 4ஆல் பெருக்க 28 வருவது இவ்வழியே. அத்தகைய கூட்டுத்தொகை எப்போதும் 2இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1 குறைந்ததாகவே இருக்கும் என்பதால், நிறை எண்களைத் தேடியவர்கள் இவ்வகை எண்களில் எவை பகா எண்கள் என்று தேட வேண்டியவர்களானார்கள்.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் அதற்குரிய எண்ணும் பகு எண்ணே என்பது எளிதில் புலப்படும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் அதற்குரிய எண்ணும் பகா எண்ணாகிவிடும் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், 1536இல் ஹுடால்ரிகஸ் ரீஜியஸ் என்பவர் 2¹¹ − 1 ஆகிய 2047 என்பது 23ஐ 89ஆல் பெருக்கி வருவது என்று காட்டி அந்நம்பிக்கையைத் தகர்த்தார். இத்தாலியின் பொலோஞாவைச் சேர்ந்த பியேத்ரோ கட்டால்டி, 1588இல் செய்து 1603இல் வெளியிட்ட கணக்கில், 17, 19 ஆகிய அடுக்குகளுக்குரிய 131071, 524287 ஆகிய இரண்டும் பகா எண்களே என்பதை, அவற்றின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து நிறுவினார். 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று அவர் மேலும் சொன்னவற்றுள் 31 மட்டுமே பின்னர் மெய்யானது.

கட்டால்டியின் பிழையைக் கண்டறிந்தவர் பிரான்சின் துலூஸ் நகரில் நீதித்துறைப் பதவி வகித்த பியேர் தெ ஃபெர்மா. அடுக்கு 2ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்கும்போது, அதற்குரிய எண்ணின் எந்தப் பகாக் காரணியும் அடுக்கின் இருமடங்கினுடைய ஏதேனும் ஒரு மடங்கைவிட 1 கூடுதலாகவே அமையும் என்பதை அவர் 1640 அளவில் கண்டுகொண்டார். இதன் வலிமை 37 என்ற அடுக்கில் விளங்கும். 2³⁷ − 1 ஆகிய 137438953471 என்ற 12 இலக்க எண்ணுக்குக் காரணி தேடுபவர், ஃபெர்மாவின் விதிப்படி, 74இன் மடங்குகளைவிட 1 கூடுதலான எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவற்றுள் முதலாவது 75. அது பகா எண் அன்று என்பதால் தள்ளிவிடலாம். அடுத்தது 149, அது வகுக்கவில்லை. மூன்றாவது 223, அது மீதியின்றி வகுத்து 616318177ஐ ஈவாகத் தருகிறது. குருட்டாம்போக்கில் வகுத்துச் சென்றால் நாற்பதுக்கு மேற்பட்ட வகுத்தல்கள் தேவைப்படும் வேலையை இவ்விதி இரண்டு வகுத்தல்களில் முடித்துவிடுகிறது.

ஃபெர்மாவின் கடிதங்களைப் பெற்றவர்களுள் முதன்மையானவர் பாரிஸ் நகரில் வாழ்ந்த மினிம் சபைத் துறவியாகிய மரின் மெர்சென். அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில், ஐரோப்பிய அறிஞர் ஒருவரின் கண்டுபிடிப்பு மற்றொருவருக்குப் போய்ச் சேர்வதற்கு இத்துறவியின் கடிதப் போக்குவரத்தே பெரிதும் துணை நின்றது. 1644இல் அவர் வெளியிட்ட 'கோகிடாட்டா பிசிகோ-மாத்தமாட்டிகா' என்ற லத்தீன் நூலின் முன்னுரையில், 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தருகின்றன என்ற கூற்று இடம்பெற்றது. நிரூபணம் எதுவும் உடன் தரப்படவில்லை. ஆயினும் அக்கூற்றைச் சரிபார்க்க ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின. 67, 257 ஆகிய இரண்டும் தவறாகச் சேர்க்கப்பட்டவை என்றும், 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டவை என்றும் 1947க்குள் முடிவாயிற்று. 61 என்று இருக்க வேண்டிய இடத்தில் 67 என்று அச்சாகியிருக்கலாம் என்று ஊகித்தவர்களும் உண்டு. அது எவ்வாறாயினும், இவ்வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்ற பெயர் நிலைத்ததும், 2⁶⁷ − 1 என்ற எண் கணித வரலாற்றில் நுழைந்ததும் அப்பட்டியலால்தான்.

வர்க்க வேறுபாட்டு முறை

காரணி காண்பதற்கு வகுத்தல் ஒன்றே வழி அன்று. இரண்டு வர்க்கங்களின் வேறுபாடாக ஓர் எண்ணை எழுத முடிந்தால் அதன் காரணிகள் உடனே கிடைத்துவிடும். ஏனெனில் அவ்வேறுபாடு, வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகையை அவற்றின் கழித்தல் விடையால் பெருக்கியதற்குச் சமம். இவ்வழியை இந்தியக் கணித அறிஞர் நாராயண பண்டிதர் 1356இல் இயற்றிய 'கணித கௌமுதி' என்ற சமஸ்கிருத நூலில், வகுத்திகளைப் பற்றிய பகுதியில் தருகிறார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து ஃபெர்மா இதே முறையைத் தாமாகவே கண்டு கையாண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட எண் 2027651281. அதைவிடச் சற்றே பெரிய வர்க்கத்தைத் தரும் எண் 45030. அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் மூல எண்ணைக் கழித்து, எஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போனால், பன்னிரண்டாவதாக வரும் 45041இல் மீதி 1040400 என்று நிற்கிறது. அது 1020இன் வர்க்கம். எனவே காரணிகள் 45041லிருந்து 1020ஐக் கழித்தும் கூட்டியும் வரும் 44021, 46061 ஆகியவை. காரணிகள் இரண்டும் அளவில் நெருங்கியிருக்கும்போது இம்முறை வியக்கத்தக்க விரைவில் விடை தருகிறது. அவை ஒன்றுக்கொன்று வெகுவாக விலகியிருக்கும்போது, சாதாரண வகுத்தலைவிடவும் நீண்டு ஓய்ந்துவிடுகிறது.

அட்டவணை தயாரித்தவர்கள்

ஆய்வாளர்கள் ஒருபுறம் விதிகளைத் தேடிக்கொண்டிருக்க, மறுபுறம் காரணி அட்டவணை தயாரிப்பது பொறுமையையே முதலாகக் கொண்ட ஒரு தொழிலாக வளர்ந்தது. 1, 2, 3 என்று தொடரும் எண்களுக்கு நேரே ஒவ்வொன்றின் மிகச் சிறிய காரணியையும் குறித்து வைப்பதே இத்தொழில். வியன்னா நகரப் பள்ளி ஆசிரியர் அன்டன் ஃபெல்கெல் 1776இல் 4,08,000 வரையிலான அட்டவணையை அச்சிடச் செய்தார். வாங்குவோர் போதாமையால் அரசு அப்பிரதிகளைத் திரும்பப் பெற்று, துருக்கியருடன் நடந்த போரில் தோட்டாக்களுக்கான காகிதமாகப் பயன்படுத்திக்கொண்டது. 1811இல் செர்னாக் 10,20,000 வரையிலும், 1814 முதல் 1817 வரையிலான ஆண்டுகளில் புர்க்ஹார்ட் 30,36,000 வரையிலும் அட்டவணைகளை வெளியிட்டனர்.

மனக்கணக்கில் பெயர்பெற்ற ஹாம்பர்க் நகரத்து சக்கரியாஸ் டாசே, கணிதப் பேரறிஞர் காஸ் தந்த ஊக்கத்தால் 60 லட்சத்துக்கு மேற்பட்ட எண்களை எடுத்துக்கொண்டு 90 லட்சத்தை எட்டும் வரை உழைத்தார். 1861இல் அவர் இறந்த பிறகே அவ்வட்டவணைகள் வெளிவந்தன. இடையில் விடுபட்டிருந்த 30 லட்சம் எண்களை இங்கிலாந்தின் ஜேம்ஸ் கிளைஷர் 1879க்கும் 1883க்கும் இடையில் நிரப்பினார். ப்ராக் நகரப் பேராசிரியர் யாக்கோப் குலிக் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியாக உழைத்து, 10 கோடிக்குச் சற்று மேல் வரை செல்லும் அட்டவணையை 4,212 பக்கங்களில் கையால் எழுதி முடித்தார். வியன்னா அறிவியல் கழகத்துக்கு வந்துசேர்ந்த அக்கையெழுத்துப் பிரதி அச்சேறவே இல்லை. அதன் எட்டுத் தொகுதிகளில் ஒன்று காணாமலும் போனது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டெரிக் நார்மன் லேமர் 1 கோடி வரையிலான அட்டவணையை 1909இல் வெளியிட்டபோது, முன்னோர் அட்டவணைகளின் பிழைகளைத் திருத்துவதும் அவர் பணியின் ஒரு பெரும் பகுதியாக இருந்தது.

இவ்வளவு உழைப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. 2⁶⁷ − 1 என்ற எண்ணின் சிறிய காரணி 19 கோடியைத் தாண்டுகிறது என்று பின்னாளில் தெரியவந்தது. 1903இல் அச்சில் கிடைத்த அட்டவணைகள் 90 லட்சத்தோடு நின்றுவிட்டன. அச்சேறாத குலிக்கின் அட்டவணையும் அந்தக் காரணியின் அளவில் ஏறத்தாழ பாதியில் முடிந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பல நாட்டு அறிஞர்கள் வாழ்நாளைச் செலவிட்டுத் திரட்டிய அட்டவணைகள் அனைத்தையும் அடுக்கினாலும் அந்த எண்ணைத் தொட்டிருக்க முடியாது.

லூக்காவின் சோதனை

காரணியைத் தேடாமலே ஓர் எண் பகா எண்ணா, பகு எண்ணா என்று தீர்மானிக்கும் வழியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா 1876இல் கண்டறிந்தார். ஹனோய் கோபுரம் என்ற புதிரை 1883இல் உலகுக்குத் தந்தவரும் இவரே. லூக்காவின் சோதனையை டெரிக் ஹென்றி லேமர் 1930இல் மேலும் செம்மைப்படுத்தியதால், இன்று அது இருவர் பெயராலும் வழங்குகிறது. 4இல் தொடங்கி, கையில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கப்படும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மீதியோடு அதே செயலைத் திரும்பச் செய்ய வேண்டும். அடுக்கிலிருந்து 2 குறைந்த எண்ணிக்கையளவு இதைச் செய்து முடிக்கும்போது மீதி சுழியமாக வந்தால் அது பகா எண்; வராவிட்டால் பகு எண்.

5 என்ற அடுக்குக்குரிய 31ஐ எடுத்துக்கொண்டால், 4க்குப் பின் 14 வருகிறது. 14க்குப் பின் வரும் 194ஐ 31ஆல் வகுக்க மீதி 8. 8இன் வர்க்கத்தில் 2 குறைய 62. அது 31ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே 31 பகா எண். 11 என்ற அடுக்குக்குரிய 2047இலோ மீதிகள் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று வந்து நிற்கின்றன. கடைசி மீதி சுழியம் அன்று. எனவே 2047 பகு எண் என்பது உறுதியாகிறது. ஆனால் இந்தப் பத்து எண்களில் 23 என்ற காரணியோ 89 என்ற காரணியோ எங்கும் தென்படவில்லை. சோதனை தீர்ப்பை மட்டும் சொல்கிறது. காரணியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

லூக்கா தம் முறையைக் கொண்டு 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண் பகா எண் என்று 1876இல் நிறுவினார். 1951 வரை, அதாவது 75 ஆண்டுகள், மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக அதுவே விளங்கியது. அதே ஆண்டில், மெர்சென்னின் பட்டியலுக்கு மாறாக, 2⁶⁷ − 1 பகு எண் என்றும் அவர் காட்டினார். வகுத்தல் வழியில் இதே முடிவை எட்டுவதற்கும் லூக்காவின் வழியில் எட்டுவதற்கும் உள்ள தொலைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 67க்குரிய எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,215 கோடி. ஃபெர்மாவின் விதிப்படி 134இன் மடங்குகளைவிட 1 கூடுதலான எண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அவ்வெல்லைக்குள் அவை 9 கோடிக்கு மேல் உள்ளன. 2 பற்றிய, பின்னர் விளக்கப்படும் மற்றொரு நிபந்தனை அவற்றில் பாதியைக் கழித்துவிட்டாலும் நாலரைக் கோடி எஞ்சுகின்றன. லேமர் செம்மைப்படுத்திய வடிவத்தில் லூக்காவின் சோதனைக்கு வேண்டியவை 65 வர்க்கப்படுத்தல்கள் மட்டுமே. பகுதன்மையை அறிவதற்கும் காரணியை அறிவதற்கும் இடையே இருந்த பிளவு அந்த ஆண்டோடு அளந்து சொல்லக்கூடியதாயிற்று.

கோல் கண்ட காரணிகள்

அந்த எண்ணின் காரணிகளைக் கண்டவர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1861இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆஷ்லண்டில் பிறந்து, ஹார்வர்டிலும், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபீலிக்ஸ் க்ளைனிடமும் பயின்று, 1895 முதல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்; 1896 முதல் 1920 வரை அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் செயலராகவும் பணியாற்றினார். 1903 அக்டோபரில் அக்கழகம் நியூயார்க்கில் கூடியபோது, பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது குறித்த கட்டுரையை அவர் அளித்தார். அது கழகத்தின் இதழிலும் அவ்வாண்டே வெளிவந்தது. அதன் முடிவு, 147573952589676412927 என்ற எண் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கி வருவது என்பதாகும். கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் முதலில் 2இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1ஐக் கழித்தார் என்றும், பின் இரண்டு காரணிகளையும் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்றும், அவை கைதட்டி வரவேற்றது என்றும், இக்கணக்குக்குத் தமக்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன என்று அவர் பிற்பாடு சொன்னார் என்றும் வழங்கும் செய்தி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எரிக் டெம்பிள் பெல் எழுதியதன் வழியாகப் பரவியது.

அச்செய்தியின் ஒவ்வொரு விவரமும் அப்படியே நடந்ததா என்பதைவிட முக்கியமானது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்ற கணக்கு எதை உணர்த்துகிறது என்பதே. சிறிய காரணியாகிய 193707721, ஃபெர்மாவின் விதிக்கு இணங்க, 134இன் 1445580ஆம் மடங்கைவிட 1 கூடுதலாக உள்ளது. 2 பற்றிய நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டால், இக்காரணியை எட்டுவதற்குள் சோதிக்க வேண்டிய எண்கள் சுமார் 7,23,000. அவற்றுள் 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடுவனவற்றை நீக்கினாலும் 3,30,000 எஞ்சும். மூன்று ஆண்டுகளில் வரும் ஞாயிற்றுக்கிழமைகள் 156 அளவே என்பதால், நாளொன்றுக்கு 2,000க்கு மேற்பட்ட நீண்ட வகுத்தல்கள் செய்திருக்க வேண்டும். ஒரு மனிதரால் அது ஆகாது. எனவே கோலின் வெற்றி வெறும் பொறுமையின் வெற்றி அன்று.

அவர் நம்பியது வர்க்க எச்சங்களை. ஓர் எண்ணின் வர்க்கத்தை மற்றோர் எண்ணால் வகுக்கும்போது எஞ்சும் மீதிக்கு வர்க்க எச்சம் என்று பெயர். 2⁶⁸ என்பது 2³⁴ இன் வர்க்கம். அதனை 2⁶⁷ − 1 ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே அந்த எண்ணுக்கும் அதன் ஒவ்வொரு காரணிக்கும் 2 ஒரு வர்க்க எச்சம். அவ்வாறு அமைய வேண்டுமானால் பகாக் காரணியை 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மட்டுமே மீதியாக வரும். கோலின் காரணிகளுள் முதலாவது 1ஐயும் இரண்டாவது 7ஐயும் மீதியாகத் தருவதை எவரும் சரிபார்க்கலாம். முன்பு பாதி எண்களைக் கழித்துவிட்ட நிபந்தனை இதுவே. இதுபோல் புதிய சிறிய வர்க்க எச்சம் ஒவ்வொன்றும் எஞ்சியவற்றில் ஏறத்தாழ பாதியைக் கழித்துவிடும். இருபது எச்சங்கள் திரண்டால், பத்து லட்சம் எண்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் சோதிக்க வேண்டியவை மிஞ்சும். வகுப்பதில் செலவாகும் உழைப்பை எச்சங்களைத் திரட்டுவதில் செலவிடுவதே கோல் மேற்கொண்ட வழியின் சாரம்.

எச்சங்களும் வர்க்கங்களும் சேர்ந்தபோது

1920களில் கணித அறிஞர் மொரீஸ் கிரைச்சிக், ஃபெர்மாவின் வர்க்க வேறுபாட்டையும் வர்க்க எச்சங்களையும் ஒன்று சேர்க்கும் வழியைக் காட்டினார். 1817 என்ற எண்ணில் அதன் செயற்பாட்டைக் காணலாம். 43இன் வர்க்கம் 1849. அதில் 1817 போக எஞ்சுவது 32. 47இன் வர்க்கம் 2209. அதில் 1817 போக எஞ்சுவது 392. இரண்டுமே முழு வர்க்கங்கள் அல்ல. ஆனால் இரண்டையும் பெருக்கினால் வரும் 12544 என்பது 112இன் வர்க்கம். 43ஐ 47ஆல் பெருக்கி 1817ஆல் வகுக்க மீதி 204. இப்போது 204லிருந்து 112ஐக் கழித்தால் 92. அதற்கும் 1817க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி 23. 1817 என்பது 23ஐ 79ஆல் பெருக்கி வருவது. தனித்தனியே பயன்படாத எச்சங்கள் சேர்ந்தபோது பயன் தருகின்றன என்பதே இம்முறையின் உயிர்நிலை.

மெர்சென்னின் பட்டியலில் விடுபட்ட 89, 107 ஆகிய அடுக்குகளை முறையே 1911இலும் 1914இலும் கண்டறிந்த பவர்ஸ், டெரிக் ஹென்றி லேமருடன் சேர்ந்து 1931இல் இவ்வழியில் ஒரு முறையை வகுத்தார். கையால் செய்வதற்குக் கடினமாக இருந்த அம்முறை, கணினி வந்த பிறகு 1970இல் மோரிசன், பிரில்ஹார்ட் ஆகியோரிடம் பலன் தந்தது. 2¹²⁸ + 1 என்ற 39 இலக்க எண்ணை அவர்கள் அதைக் கொண்டு காரணிப்படுத்தினர். அந்த எண் பகு எண் என்பது 1905இலேயே நிறுவப்பட்டிருந்தது. அங்கே இடைவெளி 65 ஆண்டுகள். 257 என்ற அடுக்குக்குரிய மெர்சென் எண் பகு எண் என்று 1920களில் முடிவாகியிருந்தும், அதன் காரணிகள் 1979இல்தான் தெரியவரத் தொடங்கின.

இடைவெளியின் பயன்

இந்த இடைவெளியைக் குறையாகக் கருதாமல் பயனாகக் கருதலாம் என்ற எண்ணத்தின் சாயல் 1874இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதிய அறிவியல் முறை குறித்த நூலில் தென்படுகிறது. எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 8616460799 வரும் என்பதைத் தம்மைத் தவிர வேறு எவரும் அறிய வாய்ப்பில்லை என்று அவர் கருதினார். பெருக்குவது எளிது, திரும்பப் பிரிப்பது கடினம் என்று அவர் கண்டது மெய்யே. ஆனால் எடுத்துக்கொண்ட எண் தவறிவிட்டது. டெரிக் நார்மன் லேமர் அதனை 1903இல் 89681, 96079 என்று பிரித்துக் காட்டினார். காரணிகள் நெருங்கியிருப்பதால், ஃபெர்மாவின் முறையில் 92825லிருந்து தொடங்கினால் ஐம்பத்தாறாவது முயற்சியாகிய 92880இல் விடை வந்துவிடும்.

ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977இல் அமைத்த ஆர்.எஸ்.ஏ. என்ற மறையீட்டு முறை இதே உண்மையின்மேல் எழுந்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணை ஊரறிய வெளியிடலாம். அதைக் கொண்டு எவரும் செய்தியை மறைத்து அனுப்பலாம். காரணிகளை அறிந்தவர் மட்டுமே அதைத் திறக்க முடியும். அவ்வாண்டு சவாலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண் 1994இல், உலகெங்கும் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியாகப் பகிர்ந்துகொண்ட கணக்கால், காரணிப்படுத்தப்பட்டது. அவர்கள் கையாண்ட இருபடிச் சல்லடை, கிரைச்சிக்கின் வழியில் கார்ல் பாமரன்ஸ் வளர்த்தெடுத்தது. 2020இல் 250 இலக்க எண் ஒன்றும் பிரிக்கப்பட்டது. ஆயினும், ஆர்.எஸ்.ஏ. முறையைக் கையாளுவோர் இன்று பயன்படுத்தும் 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களை எவரும் பிரித்துக் காட்டவில்லை.

பகா எண்ணைச் சோதிக்கும் கலையோ வெகுதூரம் முன்னேறிவிட்டது. 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும் அவர் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும், எந்த எண்ணாயினும் அது பகா எண்ணா இல்லையா என்பதை, இலக்கங்களின் எண்ணிக்கையினது ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு மேல் போகாத காலத்தில் தீர்மானிக்கலாம் என்று நிறுவினர். காரணி காண்பதற்கு அத்தகைய வழி சாதாரணக் கணினிகளுக்கு இதுவரை இல்லை. பீட்டர் ஷோர் 1994இல் தந்த வழி, போதிய அளவில் பெரிய குவாண்டம் கணினி உருவானால்தான் பயன்படும். 2024இல் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண் பகா எண் என்று உறுதியானது. அதன் இலக்கங்கள் 4,10,24,320. ஆனால் 385 இலக்கங்களே கொண்ட 2¹²⁷⁷ − 1 பகு எண் என்று தெரிந்திருந்தும், அதன் காரணி ஒன்றுகூட இன்றளவும் தெரியவில்லை. 1876இல் 2⁶⁷ − 1 எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இன்று இந்த எண் இருக்கிறது.

காரணி காண்பது இயல்பிலேயே கடினமானது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நாளையே ஓர் எளிய வழி கண்டுபிடிக்கப்படுவதைத் தடுக்கும் தேற்றம் எதுவும் கணிதத்தில் இல்லை. ஆர்.எஸ்.ஏ. முறைக்கு அரணாக நிற்பது நிரூபணம் அன்று. ஃபெர்மாவும் லூக்காவும் கோலும் கிரைச்சிக்கும் இரு லேமர்களும் முயன்றும், பகு எண் என்று அறிவதற்கும் காரணியை அறிவதற்கும் இடையே உள்ள பிளவு மூடப்படவில்லை என்ற அனுபவமே. அவ்வகையில் இக்கலையின் கடந்தகாலம் கணித நூல்களோடு நின்றுவிடுவதில்லை. அம்முறையை நம்பி மறைச்செய்தி அனுப்பும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்த வரலாற்றையே நம்பி அனுப்புகிறார்கள்.